கேன்சர்னு சொல்லி கடைசில கிருமின்னு ஆனது உங்க வீட்ல நடந்துருக்கா?

பாலக்கோட்டான்:
எங்க மாமாவுக்கு தாடையில கட்டி. பல்லு புடுங்குன மூணாம் மாசம் வந்தது, கல்லாட்டம், வலியே இல்ல. வெத்தல பாக்கு போடுற மனுஷன், சொல்லவா வேணும், டெஸ்டுக்கு சதை எடுக்குறதுக்கு முன்னாடியே இங்க டாக்டர் "கேன்சராதான் இருக்கும், பெங்களூரு போயிருங்க"ன்னுட்டார், அத்தை ரெண்டு கறவை மாட்டையும் வித்துட்டாங்க. அங்க போன நேரம் கட்டி உடைஞ்சு கன்னத்துல சீழ் கசியுது. டிரெஸ்ஸிங் பண்ண நர்ஸம்மா காஸ் துணிய வெளிச்சத்துல புடிச்சு "இத பாருங்க"ன்னாங்க. சீழுக்குள்ள ரவை மாதிரி மஞ்சளா குருணை குருணையா. இன்னும் கண்ணுலயே நிக்குது. ஆக்டினோமைக்கோசிஸாம். எல்லாரு வாயிலயும் இருக்குற பாக்டீரியாதான், பல்லு புண்ணு வழியா உள்ள எறங்கிருச்சு. பென்சிலின் ஊசி, அப்புறம் மாத்திரை, மொத்தம் 8 மாசம். கட்டி கரைஞ்சுருச்சு.

அரூர் பொண்ணு:
அம்மாவுக்கு வயித்துல நீர் கோத்து, ரத்த டெஸ்ட்ல சிஏ 125ன்னு ஒண்ணு, கேன்சருக்கு பாக்குறது, அது 400க்கு மேல. ஓவரி கேன்சர்னு ஆபரேஷன் தேதியே குறிச்சாச்சு. முந்தின ராத்திரி பீரோ சாவிய என் கையில குடுத்து எது எனக்கு எது தங்கச்சிக்குன்னு பிரிச்சு சொன்னாங்க. வயித்த திறந்தா குடல் மேல ஜவ்வரிசி தூவுன மாதிரி இருந்துச்சாம், சதை டெஸ்ட்ல டிபி. 6 மாசம் மாத்திரை, இலவசம்தான். இப்ப வயல் வேலைக்கே போறாங்க. சாவிய மட்டும் திருப்பி வாங்க மாட்டேங்குறாங்க.

காவேரிப்பட்டணம்:
அரூர் சகோதரி, டிபி நம்மூர்ல அபூர்வம் இல்லீங்க. இதெல்லாம் படிச்சுட்டு யாராச்சும் "நமக்கும் கிருமியாதான் இருக்கும்"னு வீட்ல உக்காந்துருவாங்களோன்னு பயமா இருக்கு. எங்க அண்ணனுக்கு அப்படியே தலைகீழ். எக்ஸ்ரேல நிழல், சளில கிருமியே இல்ல, ஆனா 5 மாசம் டிபி மாத்திரை குடுத்தாங்க. அது கேன்சர். அவ்ளோதான்.
கேன்சர்னு சொன்னாலும் சரி கிருமின்னு சொன்னாலும் சரி, சதை எடுத்து பாக்காம ஒத்துக்காதீங்க. எடுக்குறப்ப மொத்தத்தையும் ஃபார்மலின்ல, அதான் சதை கெடாம வைக்குற மருந்துத் தண்ணில, போட விடாதீங்க, அதுல போட்டா கிருமி செத்துரும், கல்ச்சர்ல (லேப்ல கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்) வளராது. ஒரு துண்டு சலைன்ல போட்டு கல்ச்சருக்கும் டிபி டெஸ்டுக்கும் அனுப்பணும், இத முதல் நாளே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க, தியேட்டர் வாசல்ல நின்னு கேட்டா யாரு காதுலயும் விழாது. வேற ஊரு போறதுன்னா எடுத்த சதையோட ஸ்லைடு (கண்ணாடித் தகடு), பிளாக்க (சதை வச்ச மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கிட்டுப் போங்க, இல்லன்னா திரும்ப முதல்ல இருந்து அறுப்பாங்க.

பாலக்கோட்டான்:
அண்ணா, மாமாவுக்கு இங்க எடுத்த சதைய மொத்தமா ஃபார்மலின்லதான் போட்டாங்க. "கேன்சர் செல் இல்லை, திரும்ப எடுக்கவும்"னு ரிப்போர்ட் வந்துச்சு. கல்ச்சர்னு ஒண்ணு இருக்குன்னே எங்களுக்கு அப்ப தெரியாது.