அண்டர்கவர்ல போன போலீஸே குத்தம் பண்ணா யாரு பொறுப்பு?

மேகலை_கே:
ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி இது. ஒரு போலீஸ்காரர் தன்னை யாருன்னு காட்டிக்காம ஒரு கும்பலுக்குள்ள போறாரு, நம்பணும்னா அவங்க பண்றத இவரும் பண்ணியாகணும், சரக்கு கை மாத்துறாரு, பொய் ஐடி காட்டுறாரு, அதுவரைக்கும் புரியுது. ஆனா கும்பல் ஒருத்தன போட்டு அடிக்கும்போது இவரும் சேர்ந்து நாலு அடி போட்டா? அடி வாங்கினவன் கேஸ் குடுத்தா "டியூட்டில இருந்தேன்"னு சொல்லி தப்பிச்சிடலாமா? சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வக்கீல்_குமாஸ்தா:
டியூட்டில இருந்தேன்ங்கறது மட்டும் பதிலே கிடையாதுங்க. கனடால போலீஸே ஹஷீஷ்ங்கற போதைப்பொருள விக்கிறவங்க மாதிரி நடிச்சு வாங்க வந்தவங்கள பிடிச்சாங்க, அந்த கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1999ல கோர்ட் சொன்னது என்னன்னா, விசாரணைக்காக பண்ணாலும் போலீஸ் வித்தது சட்டவிரோதம்தான், போலீஸ்ங்கறதால தனி விலக்கு எதுவும் இல்ல. அதுக்கப்புறம்தான் பார்லிமென்ட்ல 2001ல கிரிமினல் கோட்ல 25.1னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. முன்கூட்டியே நியமிச்ச அதிகாரிங்க மட்டும், கேஸோட அளவுக்கு மீறாம, சில குத்தங்கள பண்ணலாம். பெரிய அளவுல சொத்த நாசம் பண்றதுனாலோ, இன்னொருத்தர ஏவி பண்ண வைக்கிறதுனாலோ மேலதிகாரி எழுத்துல அனுமதி குடுத்திருக்கணும் (ஆபத்தான நேரத்துக்கு மட்டும் விதிவிலக்கு). வேணும்னே உயிர் எடுக்கறது, உடம்புல காயம் பண்றது, பாலியல் அத்துமீறல், கோர்ட் வேலைய கெடுக்கறது இதெல்லாம் எந்த அனுமதிலயும் வராது. அதனால உங்க கேள்வில அந்த சரக்கு விஷயத்துக்கு அனுமதி கிடைக்கலாம் (போதைப்பொருள்னா இந்தப் பிரிவுல வராது, அதுக்கு தனி விதி), காயம்படற மாதிரி அடிச்சதுக்கு கிடைக்காது.

நிலா_மறுப்பு:
வக்கீல் சொல்றது காகிதத்துல சரி. நடைமுறைய பாக்கணும்னா இங்கிலாந்த பாருங்க. அங்க போராட்டக் குழுக்களுக்குள்ள பல வருஷமா ரகசிய போலீஸ அனுப்பி வச்சாங்க. செத்துப்போன குழந்தைங்களோட பேர எடுத்து அதுல ஐடி பண்ணிக்கிட்டாங்க, பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. சில பேர் குழுல இருந்த பொண்ணுங்களோட வருஷக்கணக்குல உறவு வச்சிருந்தாங்க, ஒருத்தரு குழந்தை பெத்துட்டு காணாமலே போயிட்டாரு. அந்த அம்மா தன் பிள்ளையோட அப்பா யாருன்னு பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுக்கிட்டாங்க. 2014ல அரசு வக்கீல் துறை இந்த உறவு விவகாரத்துல யார் மேலயும் கிரிமினல் கேஸ் போட மாட்டோம்னு முடிவு பண்ணிடுச்சு. 2015ல லண்டன் போலீஸ் மன்னிப்பு கேட்டுச்சு, மனித உரிமை மீறல்னும் ஒத்துக்கிச்சு, அதே வருஷம் விசாரணைக் கமிஷனும் போட்டாங்க. ஆனா அந்த உறவுகளுக்காக ஒருத்தர் கூட கூண்டுல ஏறல. எனக்கு இதுல கோவம் அடங்கவே மாட்டேங்குது, ஏன்னா இது கும்பல்ல உயிர் பொழைக்க பண்ணதில்ல, அனுப்பி வச்ச மேலதிகாரிங்களும் பொறுப்புதானே.

மேகலை_கே:
அய்யோ, இது எனக்கு தெரியவே தெரியாது. அப்போ இங்கிலாந்துல அனுமதி முறையே இல்லையா?

நிலா_மறுப்பு:
2021ல சட்டம் கொண்டு வந்தாங்க, ரகசிய ஆட்களுக்கு குத்தம் பண்ண அனுமதி குடுக்கறதுக்கு. அந்த அனுமதிக்குள்ள பண்ணது எல்லா வகையிலயும் சட்டப்படியானதுன்னு ஆயிடும். அனுமதி குடுத்தத தனியா ஒரு நீதித்துறை கமிஷனருக்கு சொல்லணும், ஆனா அவர் ஓகே பண்ணாதான் குடுக்கணும்னு இல்ல, குடுத்தப்புறம் தகவல் போகும். கனடா மாதிரி இந்தெந்த குத்தம் கூடவே கூடாதுன்னு ஒரு பட்டியல சட்டத்துலயே எழுதல, மனித உரிமை சட்டம் இருக்கே அது போதும்னு அரசு வாதாடுச்சு. எனக்கு அது போதாது.

தூக்கமில்லா_ஆந்தை:
ஒண்ணு கலக்காதீங்க. வேலைக்காக பண்ற குத்தம் வேற, அந்த வேலைய சாக்கா வச்சு சொந்த பாக்கெட்ட நிரப்பறது வேற. சில்க் ரோடுன்னு போதைப்பொருள் வித்த ரகசிய இணையதளம் பத்தின விசாரணைல ரெண்டு அமெரிக்க ஏஜென்ட்டுங்க மாட்டினாங்க. ஒருத்தர் அண்டர்கவர்ல இருந்துக்கிட்டே இன்னொரு பொய் பேர்ல விசாரணை தகவலயே அந்த தளத்தை நடத்தினவனுக்கு பிட்காயினுக்கு வித்தாரு. இன்னொருத்தர் தளத்துக்குள்ள நுழைய கிடைச்ச அக்கவுன்ட்ட வச்சு பிட்காயின திருடினாரு. 2015ல ஒருத்தருக்கு 78 மாசம், ஒருத்தருக்கு 71 மாசம். இந்த மாதிரி கேஸ்ல தண்டனை ஈஸியா வருது, ஏன்னா டிபார்ட்மென்ட்டுக்கே அவங்கள காப்பாத்த காரணம் இல்ல. கஷ்டம் எங்கன்னா டிபார்ட்மென்ட்டே அனுப்பி, அதனால டிபார்ட்மென்ட்டுக்கு லாபம் வந்த குத்தத்துலதான்.

வக்கீல்_குமாஸ்தா:
ஆமா, இன்னொன்னும் சேத்துக்கறேன். போலீஸ் தூண்டிவிட்டு குத்தம் பண்ண வச்சாங்கன்னு நிரூபிச்சா அமெரிக்கால குத்தவாளி விடுதலையாவான், இங்கிலாந்துல 2001ல வந்த தீர்ப்புப்படி கேஸையே ஜட்ஜ் நிறுத்திடலாம். ஆனா இது எதுவும் அந்த அதிகாரிக்கு தண்டனை இல்ல, கேஸ் விழுந்துடும், அவ்வளவுதான். நடுவுல மாட்டின மூணாவது ஆளுக்கு இதால ஒண்ணும் கிடைக்காது, அவர் தனியா நஷ்டஈடு கேட்டுதான் போகணும், பல நேரம் தன்ன அடிச்சது போலீஸ்னு கூட அவருக்கு தெரிஞ்சிருக்காது. கனடால சொத்து நாசமானா பொதுவா ஒரு வருஷத்துக்குள்ள உடமைக்காரருக்கு தெரியப்படுத்தணும்னு விதி இருக்கு, கேஸ் கெட்டுப்போகும்னா தள்ளிப்போடலாம். மேகலை, உங்க ஆளு கேஸ் குடுக்கறதுக்கு மொதல்ல தேவைப்படறது, தன்ன அடிச்சது போலீஸ்தான்ங்கற தகவல்தான்.