சொதி மூன்றாம் மாடிக்குப் போகலாமா

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

ஞாயிறு, 10 மே

மதி (காலை 7.12): எல்லோரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். வைகாசி பிறந்ததும் மகாராஜநகர் வீட்டுக்கு மாறுகிறோம். மூன்றாவது மாடி. பூனை இருக்கட்டும், ஆனால் படிக்கட்டிலும் அடுத்த வீட்டு வாசலிலும் அலையக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நம் சொதி ராத்திரி முழுக்கச் சுவர் சுவராகத் திரிந்து பழகியவன். அவனைக் கதவடைத்து வீட்டுக்குள்ளேயே வைத்தால் நன்றாக இருப்பானா? இல்லை, கொக்கிரகுளத்திலேயே விட்டுவிட்டு வருவதா?

சுந்தரம் மாமா: விட்டுவிட்டு வா. நாய் ஆளைப் பழகும், பூனை வீட்டைத்தான் பழகும். அந்தக் காலத்தில் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாலும் மூன்றாம் நாள் அடுப்படியில் வந்து நிற்கும்.

பெரியம்மா: பூனைக்காக ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மீட்டிங்கா. பக்கத்து வீட்டில் சோறு வைப்பார்கள், விடு.

மதி: பக்கத்து வீட்டில் இப்போது நாய் வளர்க்கிறார்கள் பெரியம்மா. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டைமாடிப் படியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த குட்டி. தேங்காய்ப்பால் குழம்பு மாதிரி இருந்த நிறத்தைப் பார்த்து ஆச்சிதான் சொதி என்று பேர் வைத்தது. வெள்ளத்தில் தூக்கினவனை வெயிலில் போட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

செல்வி சித்தி: விடாதே மதி. எங்கள் செவலை ஞாபகம் இருக்கிறதா? முற்றத்தில் அப்பளம் காயப் போட்டிருப்போம், ஒன்றைக்கூட மிதிக்காமல் நடுவில் நடந்து போவாள். அவ்வளவு நிதானம். மூன்று வருஷம் மெயின் ரோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தவள். நான்காவது வருஷம் ஒரு வேன். பால் வாங்கப் போன உன் சித்தப்பாதான் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார். அதற்கப்புறம் நான் பூனையே வளர்க்கவில்லை.

சுந்தரம் மாமா: அது பாவம்தான். ஆனால் அடைத்து வைப்பது ஜெயில் இல்லையா? அம்பை வீட்டில் நெல் இருந்த காலத்தில் பூனை ஒரு வேலைக்காரன். புறவாசல் கதவில் அதற்கென்றே ஓட்டை வைத்திருந்தோம். காலையில் கதவைத் திறந்தால் படியில் எலி வால் மட்டும் கிடக்கும், ராத்திரி வேலைக்குக் கணக்கு ஒப்படைத்த மாதிரி. அந்த ஜாதியைக் கொண்டுபோய் டைல்ஸ் தரையில் உட்காரவைத்தால் என்ன செய்யும்?

கார்த்தி: தூங்கும் மாமா. பூனை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் வரை தூங்கும், வெளியில் இருந்தாலும் உள்ளே இருந்தாலும். விடியும்போதும் இருட்டும்போதும்தான் அதற்கு உடம்பு பரபரக்கும். அந்த நேரத்துக்கு என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சுந்தரம் மாமா: வந்துவிட்டார் ராமையன்பட்டி டாக்டர்.

கார்த்தி: கால்நடை மருத்துவப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது மாமா 🙏 ஆனால் நீங்கள் சொன்ன வேலைக்காரன் விஷயம் ரொம்பச் சரி. பூனை பசிக்காக மட்டும் வேட்டையாடாது. வயிறு முட்டத் தின்ற பூனையும் அணிலைப் பார்த்தால் பதுங்கும். அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு சோற்றை மட்டும் போட்டால் ஜெயில்தான். பதுங்க, பாய, பிடிக்க, ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வீட்டுக்குள் வழி இருந்தால் பெரும்பாலான பூனைகள் நன்றாகவே இருக்கும். குட்டியிலிருந்தே உள்ளே வளர்ந்தால் சுலபம். சொதி மாதிரி ஊர் சுற்றினவனுக்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

பாலா அத்தான் (காலை 9.40): இப்போதுதான் பார்த்தேன். பெங்களூரில் 11ஆவது மாடியில் இரண்டு பூனை வைத்திருக்கிறவன் என்ற முறையில் பேசலாமா?

பெரியம்மா: ஏல, நீ பேசாமல் இருந்தால்தான் அதிசயம்.

பாலா அத்தான்: முதல் இரண்டு வருஷம் நான் செய்தது அப்பா சொல்கிற ஜெயில்தான். கிண்ணம் நிறைய உலர் தீனி, ஒரு மெத்தை, அவ்வளவுதான். லட்டு 7 கிலோ ஆனான். ஒரு நாள் ராத்திரி மண் தட்டில் போய் உட்கார்ந்தான், வந்தான், திரும்பப் போனான். மலச்சிக்கல் என்று நினைத்தேன். நாலாவது தடவை டார்ச் அடித்துப் பார்த்தால் மண்ணில் ஒரே ஒரு சொட்டு ஈரம், அதுவும் ரோஜா நிறத்தில். மூத்திரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடி, குழாய் போட்டு எடுத்தார்கள்.

கார்த்தி: கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். ஒரு நாள், இரண்டு நாள் விட்டால் உயிருக்கே ஆபத்து. உடம்பு போட்டு, தண்ணீர் குறைவாகக் குடித்து, அசையாமல் கிடக்கிற பூனைகளுக்கு அதிகம் வரும். வெளியே விட்டால் வேனும் நாயும், உள்ளே வைத்தால் இது. இரண்டு பக்கமும் விலை உண்டு அக்கா. உள்ளே உள்ள விலையை நம்மால் குறைக்க முடியும், அதுதான் வித்தியாசம்.

மதி: நீ சொல்லச் சொல்ல பயமாக இருக்கிறதே. இப்போது பதுங்கப் பாய என்ன செய்யட்டும்? நான் புலி வேஷமா போட முடியும்?

பாலா அத்தான்: ஒரு குச்சி, ஒரு சணல் கயிறு, நுனியில் கோழி இறகு. சாயங்காலம் பத்து நிமிஷம். முகத்துக்கு நேரே ஆட்டாதே, எந்த எலியும் பூனை மூக்கில் வந்து மோதாது. சோபாவுக்குப் பின்னால் மறைந்து மறைந்து ஓட வேண்டும். கடைசியில் பிடிக்க விட வேண்டும், பிடித்ததும் சாப்பாடு வை. தின்றுவிட்டு நக்கித் துடைத்துத் தூங்கிவிடுவான். லட்டு இப்போது ஐந்தரைக் கிலோ.

சுந்தரம் மாமா: நாற்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்து இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறேன். அம்மா குரல் செய்தி அனுப்பச் சொல்கிறாள்.

சுந்தரம் மாமா: 🎤 குரல் செய்தி 0:41

மதி: (பெரியம்மாவுக்குக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்) ஆச்சி சொல்வது: “கூட்டிட்டுப் போ. காலையில ஒரு கிண்ணம் பால் ஊத்து, மத்தியானம் தயிர் சோறு பிசைஞ்சு வை. அவன் எங்கயும் போமாட்டான்.”

கார்த்தி: ஆச்சி மன்னிக்க வேண்டும். வளர்ந்த பூனைக்குப் பால் பெரும்பாலும் செரிக்காது, வயிற்றால் போகும். தயிர் சோற்றில் வயிறு நிறையும், ஆனால் டாரின் என்று ஒரு சத்து மாமிசத்தில்தான் உண்டு. அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். வெளியே திரிகிறவன் எலி, ஓணான் தின்று சரிக்கட்டிக்கொள்வான். உள்ளே அடைத்தால் நாம் போடுவதுதான் எல்லாம்.

பெரியம்மா: அம்பை வீட்டுப் பூனைகள் எல்லாம் எங்கள் தயிர் சோற்றில்தான் வளர்ந்தன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுந்தரம் மாமா: எலி வாலை மறந்துவிட்டாயே அக்கா.

கார்த்தி: அக்கா, முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. சொதிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தாயிற்றா?

மதி: இல்லை.

கார்த்தி: அப்படியானால் மற்றதெல்லாம் வீண். அதைச் செய்யாமல் இரண்டரை வயசுக் கடுவனை அடைத்தால் கதவைப் பிறாண்டுவான், ராத்திரியெல்லாம் கத்துவான், திரைச்சீலை, அரிசி டிரம் எல்லாவற்றிலும் மூத்திரம் பீய்ச்சுவான். அது சேட்டை இல்லை, உடம்பு சொல்கிற வேலை. போன மாசம் காது கிழிந்து சீழ் கட்டி வந்தானே, அதுவும் இதனால்தான்.

சுந்தரம் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி சித்தி: அண்ணா, பிள்ளைகள் இருக்கிற குழு இது!

மதி: 😂 படித்துவிட்டேன் மாமா.

கார்த்தி: புதன்கிழமை எங்கள் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். ஆபரேஷன் முடிந்து சுகமானதும் ஊசியும் போட்டுவிடலாம். உள்ளேயே இருக்கிறவனுக்கு ஊசி எதற்கு என்று கேட்காதீர்கள், பூனைக் கழிச்சல் கிருமி நம் செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட வரும். அப்புறம், முருங்கை மரத்தடி மண்ணில்தானே போவான்? அந்த மண்ணில் ஒரு பை எடுத்து வையுங்கள். புதுத் தட்டில் மேலாகத் தூவினால் இடம் புரிந்துவிடும். அவன் படுக்கிற பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொண்டு போங்கள்.

பெரியம்மா: துவைக்காத போர்வை, மரத்தடி மண். பால் காய்ச்சுகிற வீட்டுக்கு நல்ல சீர்வரிசை.

பாலா அத்தான்: பால்கனிக்குக் கொசுவலை போதாது மதி, ஒரு பாய்ச்சலில் கிழித்துவிடுவான். நல்ல கனமான வலை போடு. மணி பிளாண்ட் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடு, கடித்தால் வாயெல்லாம் எரியும். பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தால் அதையும் எடு, அது பூனைக்கு விஷம்.

சுந்தரம் மாமா: மொத்தத்தில் பூனை தயார். இப்போது மதில்மேல் பூனை நீதான் மதி. சீக்கிரம் ஒரு பக்கம் குதி.

மதி: குதித்துவிட்டேன் மாமா. கூட்டிக்கொண்டு போகிறேன்.

வெள்ளி, 22 மே

மதி (இரவு 9.05): புதன்கிழமை பால் காய்ச்சி வந்தாயிற்று. சொதி அன்றிலிருந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் இருக்கிறான். இரண்டு கண் மட்டும் தெரிகிறது. ஒரு வாய் சாப்பிடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் கதவருகே வந்து ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்துகிறான். பாப்பாவும் கூடவே அழுகிறாள். தப்பு செய்துவிட்டேனோ?

சுந்தரம் மாமா: நான் ஒன்றும் சொல்லவில்லை.

செல்வி சித்தி: சொல்லாமல் இருக்கிறதே ஒரு சொல்தான் அண்ணா.

கார்த்தி: அக்கா, வெளியே இழுக்காதீர்கள். எல்லா அறையும் ஒரே நேரத்தில் வேண்டாம். அந்த ஒரு அறையை மட்டும் அவனுக்குக் கொடுத்து, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து ஒரு பொந்து செய்து, பழைய போர்வையை உள்ளே போடுங்கள். சாளையை மஞ்சளும் உப்பும் போடாமல் அவித்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். மூக்குத்தான் அவனை வெளியே கொண்டுவரும். ஆனால் நாளைக் காலை வரை தொடவே இல்லையென்றால் உடனே கூட்டி வாருங்கள். பூனை பட்டினி தாங்காது, ஈரல் கெட்டுவிடும்.

மதி: மீன்பிடித் தடைக்காலத்தில் சாளைக்கு எங்கே போவேன்?

பெரியம்மா: எங்கள் தெருவில் நாட்டுப்படகு மீன் வருகிறது. பெரியப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். பைக்கை எடுத்துவிட்டார்.

மதி: பெரியம்மா!!!

பெரியம்மா: பிள்ளை அழுகிறாளே என்றுதான்.

சனி, 23 மே

மதி (காலை 5.20): தட்டு காலி. கண்ணால் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. மண்ணிலும் போயிருக்கிறான்.

பாலா அத்தான்: 👏 இந்தக் குழுவில் பீக்குக் கைதட்டல் இதுதான் முதல் தடவை.

ஞாயிறு, 7 ஜூன்

சுந்தரம் மாமா: என்ன, கைதி எப்படி இருக்கிறான்? அம்மா கேட்கச் சொன்னாள்.

மதி: பாதிக்குப் பாதி மாமா. பகலெல்லாம் பீரோ மேல் படுத்திருக்கிறான். அங்கிருந்து ஜன்னல் வழியாகக் கீழே டீக்கடை, வேப்பமரம், அணில் எல்லாம் தெரியும். அணிலைப் பார்த்துத் தாடையைக் கடகடவென்று ஆட்டுகிறான், கோபமா ஆசையா தெரியவில்லை. சாயங்காலம் குச்சி விளையாட்டுக்கு அவனே குச்சியைக் கவ்விக்கொண்டு வருகிறான். ஆனால் விடியற்காலை நாலரைக்குக் கதவடியில் போய் ஒரு பத்து நிமிஷம் நிற்கிறான். கத்துவது இல்லை, சும்மா நிற்கிறான். அதைப் பார்த்தால்தான் எனக்கு என்னவோ செய்கிறது.

சுந்தரம் மாமா: அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நான் அன்றைக்குச் சொன்னேன்.

கார்த்தி: அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் வழி செய்ய வேண்டும் மாமா. அக்கா, ராத்திரி சாப்பாட்டில் கொஞ்சம் பிடித்துவைத்து, படுக்கப் போகும் முன் துண்டு துண்டாக வீட்டில் ஒளித்து வையுங்கள். செருப்பு ஸ்டாண்ட், நாற்காலி மேல், முட்டை அட்டைக்குள். விடியற்காலையில் தேடித் தின்னட்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு சீக்கிரம் போடும், அதனால் மொத்த அளவைக் கூட்டாதீர்கள்.

பெரியம்மா: முட்டை அட்டை, வாஷிங் மெஷின், செருப்பு ஸ்டாண்ட். அது வீடா, பூனைக்கு மியூசியமா?

ஞாயிறு, 21 ஜூன்

மதி (காலை 8.15): 📷 படம்

மதி: தடைக்காலம் முடிந்து இன்றைக்குத்தான் மீன்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் பாம்பாம் ஹாரன் அடித்ததும் எனக்கு முன்னால் சொதி ஜன்னலில். கொக்கிரகுளத்தில் கேட்ட அதே சத்தம் போல. மூன்று மாடி இறங்கி ஏறச் சோம்பல்பட்டு, மஞ்சப்பையில் கயிறு கட்டி ஜன்னல் கம்பி வழியாக இறக்கினேன். பை ஏற ஏற இவன் பின்பக்கம் ஆடுகிறது, மீசை முன்னால் வருகிறது. கம்பிக்குள் பை நுழைந்ததும் பாய்ந்து பிடித்துவிட்டான். வேட்டையாடிக் கொண்டுவந்த மாதிரி கவ்விக்கொண்டு பீரோ மேல்.

பாலா அத்தான்: அப்பா, வேலைக்காரன் வேலையில் சேர்ந்துவிட்டான்.

சுந்தரம் மாமா: எலி வால் எங்கே? அதைக் காட்டு, ஒத்துக்கொள்கிறேன். அம்மா கேட்கிறாள், கால் கிலோ எவ்வளவு?

மதி: 50 ரூபாய்.

சுந்தரம் மாமா: “ஏமாந்துட்டா” என்கிறாள்.

கார்த்தி: அவித்து முள் எடுத்துப் போடுங்கள் அக்கா.

மதி: கையில் கிடைத்தால்தானே.

பெரியம்மா: அவனுக்குப் போக உங்களுக்கு ஏதாவது மிஞ்சியதா?

மதி: மூன்று மீன் மிஞ்சியது பெரியம்மா. அதுவும் ராத்திரி அவனுக்குத்தான். எங்களுக்கு இன்றைக்குச் சொதியும் இஞ்சித் துவையலும்.