சேது எஃப்சி பொண்ணுங்க மூணே வருஷத்துல எப்படி இந்தியா சாம்பியன் ஆனாங்க?

பந்தடி_பாண்டி:
நான் திருமங்கலம் பக்கம், இதுவரைக்கும் ஆம்பளைங்க ஃபுட்பால் மேட்ச் மட்டும்தான் பாத்திருக்கேன். ஆபீஸ்ல ஒரு கேரளா பையன் லேடீஸ் லீக்னாலே எங்க ஊரு கிளப் கோகுலம்தான்னு ஒரே பீத்தல், கடுப்புல தேடிப் பாத்தா அவங்களுக்கு முன்னாடியே 2019ல நம்ம காரியாபட்டி சேது எஃப்சிக்காரங்க இண்டியன் விமன்ஸ் லீக் கப்ப தூக்கிட்டு வந்திருக்காங்க! 2016ல ஆரம்பிச்ச கிளப்பாம். காசு போட்டு வெளியாள எறக்குனாங்களா, இல்ல நெஜமாவே நம்மகிட்ட ஆள் இருந்துச்சா?

கடலூர்க்காரன்:
ஆள் இருந்துச்சு ப்ரோ, ஆனா மதுரையில தேடுனா கெடைக்காது, எங்க ஊருக்கு வாங்க. சுனாமிக்கப்புறம் இங்க அரசு ஹோம்ல தங்கிப் படிச்ச பொண்ணுங்களுக்கு மாரியப்பன் சார் பந்து விளையாட சொல்லிக் குடுத்தாரு, சேதுல ஆடுன சந்தியா ரங்கநாதன் அப்படி வந்தவங்கதான். இந்துமதி கதிரேசனும் அவரு ஸ்டூடண்ட்தான், இந்தியாவுக்கும் ஆடுனாங்க, போலீஸ்ல எஸ்ஐயும் ஆனாங்க, 2020 லாக்டவுன்ல சென்னை ரோட்டுல டூட்டி பாத்துட்டு இருந்தாங்க. சேது கப் அடிக்கறதுக்கு முந்தின வருஷமே, 2018ல கட்டாக்ல நடந்த, மாநில டீமுங்க மோதுற சீனியர் நேஷனல் ஃபைனல்ல தமிழ்நாடு 2-1ல மணிப்பூர தோக்கடிச்சிருச்சு. அதுவரைக்கும் மணிப்பூர் அந்தக் கப்ப பாட்டன் சொத்து மாதிரி வச்சிருந்தாங்க.

ஆஃப்சைடு_அக்கா:
தம்பி சொல்றது பாதி சரி. சேதுல நேபாளத்து சபித்ரா பண்டாரி ஆடுனதையும் சொல்லணும்ல, அந்தப் பொண்ணு பாக்ஸுக்குள்ள பந்த வாங்கிட்டா கோல்னு எழுதி வச்சுக்கலாம், பின்னாடி பிரான்ஸ் லீக் வரைக்கும் போயிட்டாங்க. மணிப்பூர்ல இருந்து டாங்மெய் கிரேஸ். காசு குடுத்துதான் கூட்டிட்டு வந்தாங்க, அதுல என்ன தப்பு, பொண்ணுங்க ஆட்டத்துக்கு செலவு பண்ண ஒருத்தர் வந்ததே பெருசு. லூதியானா ஃபைனல்ல மணிப்பூர் போலீஸ 3-1ல அடிச்சாங்க, கோச்சும் ஒரு லேடிதான், அம்ருதா அரவிந்த்.

எனக்கு ஆறாத வயித்தெரிச்சல் 2022தான். புவனேஸ்வர்ல கடைசி மேட்ச், அதுவரைக்கும் சேது ஆடுன 10லயும் ஜெயிச்சிருந்துச்சு, கோகுலமும் 10க்கு 10, அவங்களுக்கு டிரா போதும் நமக்கு ஜெயிக்கணும், மூணாவது நிமிஷத்துலயே ரேணு கோல் போட்டுருச்சு, நான் சோத்துத் தட்டோட எந்திரிச்சு கத்துனேன். அப்புறம் வரிசையா மூணு வாங்குனோம்.

கடலூர்க்காரன்:
அக்கா வயித்தெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அப்பல்லாம் மொத்த லீக்கையும் ஒரே ஊர்ல வச்சு ஒண்ணு ஒன்றரை மாசத்துல முடிச்சிருவாங்க, மிச்ச வருஷம் பொண்ணுங்க மேட்ச் இல்லாம உக்காந்திருக்கணும். சொந்த ஊர்லயும் எதிர் டீம் ஊர்லயும் மாறி மாறி ஆடுற ஹோம் அவே வந்ததே 2023-24 சீசன்லதான்.

பந்தடி_பாண்டி:
அக்கா, அந்த 2022 ஹைலைட்ஸ் இப்பதான் பாத்தேன், மூணாவது நிமிஷத்தோட நிறுத்திட்டேன். கேரளா பையனுக்கு 2019 ஸ்கோர் மட்டும் அனுப்பிருக்கேன், புளூ டிக் விழுந்துருச்சு, பதிலக் காணோம்.