அண்ணையின் மாஷ் டன்னும் பரந்தன் உமியும்

*சனி*

அண்ணை (லண்டன்), 6.40
மாமா, இன்றைக்குக் காய்ச்சின பியர் பாழாய்ப் போனது. அரைத்த மோல்ட்டை 66 பாகைச் சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அப்படி ஊறவைக்கும் பாத்திரம்தான் மாஷ் டன். நான் எவர்சில்வர் பானையில் போட்டேன், கெதியாகச் சூடு இறங்கிவிட்டது. திரும்ப அடுப்பை மூட்ட, அடி பிடித்தது. குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை.

பெரியம்மா (கிளிநொச்சி), 6.44
மகன், குடியால் குலைந்த வீடுகளை நாங்கள் இங்கே கண்ணால் பார்க்கிறோம். அளவோடு இரு.

அண்ணை (லண்டன்), 6.45
ஓம் பெரியம்மா. விருந்தாளிகள் வரும்போது மட்டும்தான்.

தம்பி, 6.46
அங்கே சட்டம் விடுமா?

அண்ணை (லண்டன்), 6.47
வீட்டுப் பாவனைக்கு 1963 முதல் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. விற்கத்தான் கூடாது.

அக்கா (வவுனியா), 6.48
தம்பி, நீ உசாராகாதே. இங்கே மதுவரிச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம்.

நான், 6.50
மோல்ட் என்றால் என்ன அண்ணை?

அண்ணை (லண்டன்), 6.53
முளைக்கட்டிக் காயவைத்த பார்லி. அம்மம்மா குரக்கனை முளைக்கவைத்து, காயவைத்து, அரைத்துக் கூழ் காய்ச்சுவா, நினைவிருக்கிறதா? சீனி போடாமலே இனிக்கும். அதே வேலைதான். முளைக்கும்போது உண்டாகும் நொதியம் மாப்பொருளைச் சீனியாக்குகிறது. 62, 63இல் நின்றால் பியர் மெலிவாக வரும். 68 தாண்டினால் தடிப்பாக வரும். மிகவும் சூடானால் நொதியமே செத்துவிடும். அதனால்தான் சூடு அசையாமல் நிற்க வேண்டும்.

மாமா (பரந்தன்), 7.10
எவ்வளவு தானியம் போட்டாய்?

அண்ணை (லண்டன்), 7.11
5 கிலோ. பாதி பார்லி, பாதி கோதுமை. தண்ணீர் 15 லீட்டர்.

மாமா (பரந்தன்), 7.12
பார்லிக்கு உமி உண்டா?

அண்ணை (லண்டன்), 7.12
உண்டு.

மாமா (பரந்தன்), 7.15
அப்ப கோதுமைதான் அடைத்திருக்கிறது. அது சூடடிக்கும்போதே உமி கழன்று வருகிற தானியம். உமி அடியில் படுத்தால்தான் தண்ணீருக்கு வழி இருக்கும். இல்லாவிட்டால் களிபோல இறுகிவிடும். நெல் உமி கலந்து பார்.

அண்ணை (லண்டன்), 7.17
மாமா, இங்கே காய்ச்சுகிறவர்களும் அதைத்தான் போடுகிறார்கள்! கடையில் பையில் கட்டி விற்கிறார்கள்.

நான், 7.18
மில்லுக்குப் பின்னால் மலைபோலக் குவிந்து கிடக்கிறதைக் காசு கொடுத்தா வாங்குவது?

மாமா (பரந்தன்), 7.24
வாங்கட்டும். 5 கிலோவுக்குக் கால் கிலோ காணும். கழுவி, நனைத்துப் போடு. காய்ந்ததைப் போட்டால் உன் தண்ணீரைக் குடித்துவிடும்.
பானையை விடு. வீட்டில் நெல் ஊறப்போட்டால் அம்மா கிடாரத்தைச் சாக்கால் சுற்றி வைப்பா, விடியும் மட்டும் சூடு நிற்கும். முல்லைத்தீவில் மீன் ஏற்றுகிற ஐஸ் பெட்டி மாதிரி ஒன்று எடு. குளிரைக் காக்கிறது சூட்டையும் காக்கும்.

அண்ணை (லண்டன்), 7.30
30 லீட்டர்ப் பெட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். தானியமும் தண்ணீரும் சேர்ந்து 18, 19 லீட்டர் வரும். பெட்டி மிகப் பெரிதானால் மேலே வெற்றிடம் கூடி, சூடு போய்விடும். உட்பக்கம் சுடுநீரைத் தாங்குமா என்று கேட்டுத்தான் வாங்குவேன். அடியில் ஓட்டை போட்ட தட்டு ஒன்றும் குழாயும் பூட்ட வேண்டும்.

தம்பி, 7.33
மாப்பொருள் முழுக்கச் சீனியானதா என்று அயடின் விட்டுப் பாருங்கோ. பள்ளியில் செய்தோமே, கருநீலமானால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

*அடுத்த ஞாயிறு*

அண்ணை (லண்டன்), 5.05
முதலில் கொதிநீர் விட்டுப் பெட்டியைச் சூடாக்கி ஊற்றிவிட்டேன். பிறகு 73 பாகைத் தண்ணீர், அதில் உமியும் மோல்ட்டும். கலக்கியதும் சரியாக 66. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் 65! வெள்ளைப் பீங்கானில் அயடின் விட்டேன், நிறம் மாறவில்லை. முதலில் கலங்கி வந்த இரண்டு லீட்டரை மெதுவாகத் திரும்ப மேலேயே விட்டேன், அப்புறம் தெளிந்து ஓடியது. சக்கையை 76 பாகைத் தண்ணீரால் அலசினேன். அதற்கு மேல் சூடானால் கயர்ப்பு இறங்கும்.

மாமா (பரந்தன்), 5.09
அடைத்ததா?

அண்ணை (லண்டன்), 5.09
ஒரு இடத்திலும் இல்லை மாமா.

பெரியம்மா (கிளிநொச்சி), 5.12
அந்தச் சக்கையை என்ன செய்தாய்? இங்கே என்றால் மாட்டுக்கு வைத்திருப்பேன்.

அண்ணை (லண்டன்), 5.14
பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறார்கள் பெரியம்மா. ஒரு வாளி கொடுத்துவிட்டேன், மிச்சம் நாளைக்கு.