நாகர்கோவிலில் ஒருநாள் ராபிட் (வேக) செஸ்: 7 சுற்று முடியுமா?

வடசேரி_சிப்பாய்:
கிளப்பின் ஆண்டுப் போட்டி. 60 பேர், ஒரே ஞாயிறு. ஆளுக்கு 15 நிமிடம் + ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 வினாடி வைத்தால் 7 சுற்று ஓடுமா?

கறுப்பு_யானை:
ஓடும், ஆனால் இறுக்கம். 60 நகர்த்தலுக்கு ஆளுக்கு 20 நிமிடம், ஆட்டம் 40. முடிவு பதிந்து அடுத்த ஜோடி போட 10. ஏழு சுற்றுக்கு 5 மணி 50 நிமிடம், சாப்பாட்டுக்கு முக்கால் மணி. 9.30க்குத் தொடங்கினால் 4.05. 10 + 5 வைத்தால் 70 நிமிடம் மிச்சம், அதுவும் ராபிட்தான்.

தக்கலை_நடுவர்:
சொதப்புவது முதல் சுற்றுதான். மார்த்தாண்டம், கருங்கல் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து சேரணுமே! பதிவைச் சனிக்கிழமையே மூடிடுங்க. காலையில் தலையை எண்ணிட்டு ஜோடி போடுங்க, இல்லேன்னா பாதிப் பேர் எதிராளி இல்லாம உட்கார்ந்திருப்பாங்க.
சின்னப் பிள்ளைகள் இரண்டு கையாலும் கோட்டை கட்டி (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி வைத்து) கடிகாரத்தை அமுக்குவாங்க. அது விதிமீறல்: முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், இரண்டாவது தடவை பெரும்பாலும் தோல்விதான். முன்னாடியே அறிவிக்காட்டி பெற்றோர் சண்டைக்கு வருவாங்க.

வடசேரி_சிப்பாய்:
ஐப்பசி மழையில் கரண்ட் போனா, அண்ணே?

கறுப்பு_யானை:
கடிகாரம் பேட்டரியில் ஓடும். பிரிண்டர்தான் படுக்கும், யூபிஎஸ் வையுங்க. 30 பலகைக்கு 33 கடிகாரம், மூணு உபரி. சமப்புள்ளி வந்தால் புக்கோல்ஸ் கட் 1 (எதிராளிகள் எடுத்த புள்ளிகளில் மிகக் குறைந்ததை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டுவது) என்று நோட்டீஸிலேயே போட்டுடுங்க.