பருவநிலையும் பாதுகாப்பும்: பாலாற்றுக்குப் பிராந்திய ஒத்துழைப்பு பொருந்துமா?

விரிஞ்சிபுரத்தான் (கேள்வி):
பருவநிலை மாற்றமே தங்கள் வாழ்வுக்கும் பாதுகாப்புக்கும் தனிப்பெரும் அச்சுறுத்தல் என்று பசிபிக் தீவு நாடுகள் 2018ஆம் ஆண்டு போயே பிரகடனத்தில் ஒருமித்துக் கூறின. போட்டித் தேர்வுக்காக இதைப் படித்தபோது எனக்கு 2021 நவம்பர்தான் நினைவுக்கு வந்தது. மாடு மேய்ந்துகொண்டிருந்த பாலாற்று மணலில் வெள்ளம் புரண்டு, எங்கள் ஊர்த் தரைப்பாலம் கண்ணுக்கே தெரியாமல் மறைந்தது. வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் நீர் பாய்ந்ததாகப் பிறகு அறிந்தோம். கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் என மூன்று மாநிலங்களில் ஓடும் ஆற்றுக்கு அதுபோன்ற பிராந்திய ஒத்துழைப்பு எப்படி அமைய வேண்டும்?

ஓய்வுபெற்ற பொறியாளர், ராணிப்பேட்டை:
ஒப்பந்தம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. ஆனால் அது தண்ணீரை யார் தேக்கலாம் என்பதைப் பற்றியது. வெள்ளம் வரும் இரவில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியதன்று. பாலாற்றில் கலக்கும் பொன்னை ஆற்றில் வரும் வெள்ளத்துக்கு ஆந்திரத்திலுள்ள கலவகுண்டா அணையின் திறப்பும் ஒரு காரணம். நான் பணியில் இருந்தபோது, மழை வலுத்த இரவுகளில் சித்தூர்ப் பக்கத்து அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் ‘எந்த நீளு வதிலாரு?’ (எவ்வளவு தண்ணீர் திறந்தீர்கள்?) என்று கேட்பேன். அவர் சொல்லும் அளவைக் குறித்துக்கொண்டுதான் கரையோர ஊர்களுக்கு ஆள் அனுப்புவோம். அந்த அலுவலர் மாறிவிட்டால், புதியவரோடு மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டும். நட்பை நம்பி நடந்த அந்த வேலையை விதியாக்குவதுதான் முதல் ஒத்துழைப்பு என்பேன்.

அரசியல் அறிவியல் ஆசிரியை, காட்பாடி:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லில் எனக்குத் தயக்கம் உண்டு. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா போன்ற எல்லை தாண்டும் ஆறுகளின் நீரோட்டத் தரவுகளை நம் அரசு பொதுவெளியில் வைப்பதில்லை. தேசப் பாதுகாப்பு என்ற முத்திரை விழுந்தவுடன் தகவல் பூட்டப்படுகிறது. 2021 டிசம்பரில் பருவநிலையை ஐ.நா. பாதுகாப்பு அவையின் வரம்புக்குள் கொண்டுவரும் தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்ததும், ரஷ்யா தடுப்பதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்தியதும் தெரிந்தவையே. பிராந்திய ஒத்துழைப்பும் எளிதில் நின்றுவிடுகிறது. தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகள் 2010இல் திம்புவில் பருவநிலை குறித்து அறிக்கை வெளியிட்டன. 2014க்குப் பிறகு அவற்றின் உச்சி மாநாடே கூடவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் 1960இல் செய்துகொண்டு, போர்களையும் தாண்டி நின்ற சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது.

வாணியம்பாடி விவசாயி:
வெள்ளச் செய்தி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புல்லூர் அருகே பாலாற்றுத் தடுப்பணையை ஆந்திரம் 2016இல் உயர்த்தியபோது எங்களை யார் கேட்டார்கள்? பாலாற்றில் ஆந்திரம் அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழகம் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சென்றது. வறட்சியில் மறித்துக்கொண்டு, பெருமழையில் மட்டும் எச்சரிக்கை தந்தால் அதை ஒத்துழைப்பு என்று எப்படி ஏற்பது?

விரிஞ்சிபுரத்தான்:
உங்கள் கேள்வி நியாயமானது. ஆயினும் நீர்ப் பங்கீட்டுச் சிக்கல் தீரும்வரை வெள்ளச் செய்திக்கும் காத்திருந்தால், அடுத்த பெருமழை நமக்காகக் காத்திருக்காது. 1911 வரை சித்தூரே வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது; பொன்னையின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே மாவட்ட ஆட்சியரின் கீழ் இருந்தன. இன்று இடையில் மாநில எல்லை இருப்பதால்தான் விதி தேவைப்படுகிறது. பொறியாளர் ஐயா, அந்தத் தொலைபேசி அழைப்பை விதியாக எழுதுவதென்றால், எந்த அளவைத் தாண்டியதும் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்று எழுதுவீர்கள்?