கேரளக் கழிவுக்கு ஒரு நியாயம், நம் வீட்டுக் குப்பைக்கு ஒரு நியாயமா?

குறுக்குத்துறைவாசி:

2024 டிசம்பரில் நம் நெல்லை மாவட்டத்தில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். மாவட்டமே கொதித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. அந்தக் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை.

என் கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த வழக்கில் கைதானவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். உள்ளூரில் ஆள் இல்லாமல் வெளியூர் லாரி ராத்திரியில் அந்தப் பாதைக்கெல்லாம் வழி கண்டுபிடித்து வருமா? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "கேரளாக்காரன்" என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது.

சாயங்காலம் கொக்கிரகுளம் பக்கம் சுலோசன முதலியார் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நல்ல சட்டை போட்டவர், வண்டியில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்திருப்பவர், வேகத்தைக்கூடக் குறைக்காமல் ஒரு கேரி பைக் குப்பையைத் தாமிரபரணி ஆற்றுக்குள் எறிந்துவிட்டுப் போகிறார். அந்தப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது. அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் அந்தப் பிள்ளை குழாயில் பிடித்துக் குடிக்கிறது.

அந்தப் பாலம் எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டியது. 1843-இல் திறந்தார்கள். ஊருக்குத் தேவை என்று தெரிந்ததும் யாராவது செய்யட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. இன்று நாம் அவர் கட்டிய பாலத்தின் மேல் நின்று குப்பையை எறிந்துவிட்டு, மாநகராட்சி தூங்குகிறது என்று வாட்ஸ்ஆப்பில் எழுதுகிறோம்.

உரிமை கேட்பதில் நமக்கு நிகர் கிடையாது. கடமை என்று வந்தால் மட்டும் அது வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. கேரளாக்காரனை எந்த அளவுகோலால் அளந்தோமோ அதே அளவுகோலை முதலில் நம் வாசலில் வைத்துப் பார்ப்போம். அதைத்தான் சொல்கிறேன்.

வண்ணார்பேட்டை வக்கீல்:

அண்ணாச்சி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கணக்குத் தப்பு.

பாலத்திலிருந்து விழும் பத்து கேரி பை கண்ணுக்குத் தெரிகிறது. ஊருக்குள்ளிருந்து ஓடை ஓடையாக ராத்திரி பகலாக ஆற்றில் கலக்கும் சாக்கடை கண்ணுக்குத் தெரிவதில்லை. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கருப்பந்துறை என்று படித்துறை படித்துறையாக இறங்கிப் பாருங்கள். அந்தச் சாக்கடையைத் தனிமனிதன் எந்தப் பொறுப்பால் நிறுத்துவான்? 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு வீடாகப் போய் யார் பையை எறிந்தது என்று விசாரிக்கவா வந்தார்கள்? கழிவுநீர் எங்கெங்கே கலக்கிறது, அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்று பார்க்கத்தான் வந்தார்கள்.

ஆற்றில் கழிவை விடக் கூடாது என்று 1974-ஆம் வருடத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. ஐம்பது வருடம் ஆயிற்று. அந்தச் சட்டத்தை முதலில் மீறுவது உள்ளாட்சி அமைப்பு என்றால், அதை விட்டுவிட்டு வண்டியில் போகிறவனைப் பிடிப்பதுதான் என் கண்ணுக்கு இரட்டை நியாயமாகத் தெரிகிறது.

இன்னொன்று. தனிமனிதப் பொறுப்பு என்ற பேச்சு எப்போதும் கீழே இருக்கிறவன் தலையில்தான் போய் விழும். டீக்கடைக்காரன் பிளாஸ்டிக் கப் வைத்திருந்தால் அபராதம். பெரிய கல்யாண மண்டபத்துப் பின்புறம் எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் மலையாகக் கிடந்தால் யாரும் கேட்பதில்லை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து நான் பார்ப்பது இதைத்தான்.

பேட்டை முத்து:

வக்கீல் சார் சொன்னதுதான் சரி. எங்கள் தெருவில் குப்பைத் தொட்டியை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கே வண்டி வரும் என்றார்கள். வண்டி காலையில் வரும், வேலைக்குப் போகிறவன் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவான். ஒரே அறையில் நாலு பேர் இருக்கிற வீட்டில் மூன்று நாள் மீன் கழிவை எங்கே வைப்பது? பொறுப்பாக இருக்கிறதற்கும் இடம் வேண்டும்.

குறுக்குத்துறைவாசி:

முத்து தம்பி, உன் சிரமம் நிஜம். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பாலத்தில் பார்த்தவர்கள் ஒற்றை அறைக்காரர்கள் இல்லை. காரை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கி எறிகிறவருக்கு வீட்டில் இடம் இல்லையா?

கஷ்டப்படுகிறவரின் கஷ்டத்தைக் காட்டி வசதியானவர் தப்பித்துக்கொள்கிறார் என்பதுதான் என் வருத்தம். "சிஸ்டம் சரியில்லை" என்ற சொல் இன்று வசதியான வீடுகளில்தான் அதிகமாகக் கேட்கிறது.

தூய்மைப் பணியாளர் மகள்:

இரண்டு பக்கமும் படித்தேன். என் அம்மா மாநகராட்சியில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கையைப் பார்த்தால் இந்தப் பேச்சு வேறு மாதிரி போகும்.

போன மாதம் வலது கை பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தையல் போட்டோம். உடைந்த கண்ணாடி டம்ளரைச் சாம்பார்ச் சோற்றோடு சேர்த்து ஒரே கவரில் கட்டிப் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கையுறை கொடுக்கிறார்கள், ஆனால் அது கண்ணாடிக்குத் தாங்காது, இரண்டாம் நாளே விரல் நுனியில் கிழிந்துவிடும். சானிட்டரி நாப்கினைத் தாளில் சுற்றாமல் அப்படியே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2016-ஆம் வருடத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே அதைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், மட்கும் குப்பை, மட்காத குப்பை, அபாயக் குப்பை என்று வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பிரிக்கிற வேலை வீட்டுக்காரர்களுடையது என்று சட்டமே சொல்கிறது. செய்கிறது அம்மா.

அதனால் அண்ணாச்சி சொல்கிறதில் எனக்குப் பாதி சம்மதம். கண்ணாடியைத் தாளில் சுற்ற அரசாங்கம் வர வேண்டியதில்லை.

ஆனால் மறு பாதியையும் சொல்ல வேண்டும். ஊரில் பொறுப்பைப் பற்றிப் பேசுகிற பெரியவர்கள், அம்மா வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டால் தனி டம்ளரைத் தேடுகிறார்கள். குப்பையைத் தொடுகிறவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, குப்பை அள்ளவில்லை என்று கத்துகிறார்கள். இந்த இரட்டை நியாயம் இந்த விவாதத்தில் இன்னும் வரவில்லை. அதனால் எழுதினேன்.

குறுக்குத்துறைவாசி:

தாயி, நீ சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. தண்ணீர் கொடுக்க டம்ளர் தேடுகிறவனுக்குப் பொறுப்பைப் பற்றிப் பேச யோக்கியதை கிடையாது. அதுவும் தனிமனிதன் செய்கிற தப்புதான். எந்தச் சட்டத்தாலும் வீட்டு நடைக்குள் வந்து அதைத் திருத்த முடியாது. அவனவன் திருந்த வேண்டும்.

அம்பை விவசாயி:

நெல்லைக்காரர்கள் ஆற்றை இடையிலிருந்து பார்க்கிறீர்கள். மேலே பாபநாசத்துக்கு வந்து பாருங்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற இடத்திலேயே துணி. பரிகாரம் என்று வருகிறவர்கள் குளித்துவிட்டு, கட்டியிருந்த வேட்டி சேலையை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் போகிறதாம். தன்னார்வலர்கள் தண்ணீருக்குள் இறங்கி, பாறை இடுக்கில் சுற்றிக்கொண்ட துணியை வெட்டி வெட்டி எடுக்கிறார்கள். ஈரச் சேலை ஒன்றை இழுத்துப் பார்த்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும். மணலும் பாசியும் ஏறி, ஆள் ஒருவனைத் தூக்குகிற மாதிரி இருக்கும்.

வக்கீல் சாரிடம் கேட்கிறேன். இதற்கு எந்த மாநகராட்சியைக் குற்றம் சொல்வது? இங்கே பாதாளச் சாக்கடை விஷயம் இல்லை, குப்பை வண்டி வரவில்லை என்ற விஷயமும் இல்லை. போர்டு வைத்திருக்கிறது. சொன்னால் "சாமி காரியத்தில் தலையிடாதே" என்கிறார்கள். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். 2018-இல் தாமிரபரணி புஷ்கரம் என்ற நீராடல் விழாவில் குளித்தவன்தான். ஆற்றை அம்மா என்று கும்பிட்டுவிட்டு, கழற்றிப் போட்ட துணியை அவள் மேலேயே எறிவது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

பழைய காலத்தில் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. கால்வாயை ஊரே இறங்கித் தூர்வாரும். யாரும் பட்ஜெட்டுக்குக் காத்திருக்கவில்லை. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய் எல்லாம் அப்படிப் பிழைத்தவைதான். அந்தப் புத்தி போய்விட்டது.

பேட்டை முத்து:

விவசாயி அண்ணாச்சி, பாபநாசம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் குடிமராமத்தைப் பொற்காலமாகச் சொல்லாதீர்கள். ஊரே இறங்கியது என்கிறீர்களே, இறங்கியது யார், கரையில் நின்று வேலை வாங்கியது யார்? நிலம் யாருடையது, மண் சுமந்த முதுகு யாருடையது? என் தாத்தா கால்வாய் வேலைக்குப் போனவர். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் அவருக்கு ஒரு செண்டு கிடையாது. கட்டாயத்துக்குச் செய்ததைப் பொறுப்பு என்று பேர் வைத்துப் பாராட்டினால் அவர் பேரனுக்கு வலிக்கும்.

அம்பை விவசாயி:

வலிக்கத்தான் செய்யும். அந்த அநியாயத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. 2017-இல் அரசாங்கமே குடிமராமத்து என்ற பெயரில் பணம் ஒதுக்கித் தூர்வாரியது. அப்போது எங்கள் ஊரில் நிலம் உள்ளவர் பாதிப்பேர் கரைக்கு வந்து எட்டிப் பார்க்கவில்லை, கான்டிராக்ட் யாருக்கு என்று மட்டும் கேட்டார்கள். தண்ணீர் வேண்டும் என்கிறவன் முதலில் இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் மண் சுமக்காமல் தப்பித்தவர்களின் பேரன்கள் இன்றாவது சுமக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

சேரன்மகாதேவி டீச்சர்:

ஆண்கள் எல்லோரும் ஆற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள். வீட்டுக்குள் வாருங்கள்.

குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அருமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த நாள் ஒரு பையன் சொல்கிறான், "டீச்சர், அதெல்லாம் அக்கா வேலைன்னு அப்பா சொல்லிட்டாங்க." பொறுப்பு வேண்டும் என்கிற வீடுகளில் அதை மகளுக்கு மட்டும் பழக்குகிறோம். பையன் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவான். அவன்தான் நாளைக்கு வண்டியிலிருந்து பையை எறிகிறவன். எறிந்தால் எடுக்க ஒருத்தி இருக்கிறாள் என்று வீட்டில் படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறான்.

அண்ணாச்சி, பழக்கவழக்கம் போய்விட்டது என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. நான் பழைய காலத்து ஆள்தான். ஆனால் பழக்க வேண்டியது பையன்களை.

குறுக்குத்துறைவாசி:

டீச்சரம்மா, இதை நான் எழுதியிருக்க வேண்டும், நீங்கள் எழுதிவிட்டீர்கள். முழுச் சம்மதம்.

வக்கீல் தம்பிக்கு ஒரு பதில் பாக்கி. சாக்கடைதான் பெரிய பிரச்சினை என்பது சரி. ஆனால் அந்த ஓடைக்குள் வீட்டுக் குழாயைத் திருப்பிவிட்டது யார்? செப்டிக் டேங்க் கட்டச் செலவாகும் என்று மழைநீர் வடிகாலில் கழிவறைக் குழாயைச் சொருகிய வீடுகள் டவுனிலும் பாளையிலும் இல்லையா? இரண்டு மாடி, டைல்ஸ், வாசலில் கார். கழிவு மட்டும் பாளையங்கால்வாயில். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார் என்றால் அவர் குற்றவாளி. குழாய் போட்டவர் குற்றவாளி இல்லையா?

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு குறுக்குத்துறையில் மரக்கிளையெல்லாம் தலைக்கு மேலே பாலித்தீன் தொங்கியது. ஊர்ப் பெயர் போட்ட ஜவுளிக்கடைப் பை, மருந்துக்கடைப் பை. எல்லாம் நம் வீட்டுக்குள் வந்து போனவை.

வண்ணார்பேட்டை வக்கீல்:

குழாய் சொருகியவரும் குற்றவாளிதான், அண்ணாச்சி. அதில் நமக்குள் சண்டை இல்லை. யாரிடமிருந்து தொடங்குவது என்பதில்தான் சண்டை. நீங்கள் மனசாட்சியிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள். நான் மேலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறவர்களுக்கு 2016 விதிகளிலேயே தனிப் பொறுப்பு வைத்திருந்தார்கள்: மட்கும் குப்பையைக் கூடுமானவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும். மண்டபம், ஹோட்டல், ஆஸ்பத்திரி எல்லாம் அதில் வந்தவைதான். அவர்களில் நாலு பேர் மேல் நடவடிக்கை எடுத்துப் பாருங்கள். பாலத்தில் எறிகிறவன் தானாகக் கையை இழுத்துக்கொள்வான். பெரியவனை விட்டுவிட்டுச் சின்னவனுக்குப் புத்தி சொன்னால் அவன் மதிக்க மாட்டான், மதிக்கவும் வேண்டியதில்லை.

குறுக்குத்துறைவாசி:

இங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரியவன் திருந்துகிற வரை நான் எறிவேன் என்பதும், கேரளாக்காரன் நிறுத்தட்டும் பிறகு பார்க்கலாம் என்பதும் ஒன்றுதான். மண்டபத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். அந்த மண்டபத்தில் விருந்து வைத்தவர் யார்? நம் சொந்தக்காரர். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், சொம்பில் தண்ணீர் வைக்கலாம் என்று கல்யாண வீட்டுக்காரர் சொன்னால் மண்டபக்காரர் மாட்டேன் என்பாரா?

தூய்மைப் பணியாளர் மகள்:

எங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அம்மாவும் போகிறாள். காலை வண்டி வரும் நேரத்தை மாற்றச் சொல்லியும், கண்ணாடிக்குத் தாங்குகிற கையுறை வேண்டும் என்றும் எழுதிக் கொடுக்கப் போகிறாள். போன தடவை கூட்டத்துக்கு வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். இங்கே எழுதியவர்களில் எத்தனை பேர் உங்கள் வார்டுக் கூட்டத்துக்குப் போவீர்கள்?

பேட்டை முத்து:

நான் வருகிறேன், அக்கா. மண்டபத்தின் பின்புறத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன். வக்கீல் சார், மனு எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்.